எண்ணாமல் நிறுத்த காசு

ஆற்றைக் கடக்க ஆளுக்கு ஒரு காசு. போகும்போது கொடுத்தால் போதும். திரும்பி வரும்போது யாரும் கேட்பதில்லை. சீட்டு கிடையாது, சில்லறை மாற்றித் தருவதும் கிடையாது. எல்லோருடைய பையிலும் கிடக்கிற அந்தச் சாதாரண நாணயம் ஒன்று தகரப் பெட்டியின் வாயில் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலடியில் இருக்கும் கட்டையை மிதிப்பார். இரும்புச் சுழல்கதவு ஒரு சுற்றுச் சுற்றி ஓர் ஆளை உள்ளே விடும். கதவுக்கு மேலே சின்னக் கண்ணாடிக்குள் இருக்கும் எண் ஒன்று கூடும். அந்தக் கட்டையை மிதிப்பதுதான் அவருடைய வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது. மகள் பள்ளிப் படிப்பை முடிக்கிற வயதுக்கு வந்துவிட்டாள். அவருக்கு அதே நாற்காலி, அதே கட்டை.

துறைக்கு வருகிறவர்கள் அவரை ‘நாணயம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்கக் காசோடு கிடப்பவர் என்பதால் யாரோ வேடிக்கையாக வைத்த பெயர். பிறகு ஒருமுறை சிமெண்டுக் கடைக்காரர் படகில் மறந்துவிட்டுப் போன பணப்பையை, முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலிருந்து அந்தப் பெயருக்கு அதன் இன்னொரு அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. “என்ன நாணயம், சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டே காசைப் போடுவார்கள். “ஆச்சு ஆச்சு” என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது. வீட்டிலும் அப்படித்தான். அவரிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் கல்லிலிருந்து நார் உரித்துவிடலாம் என்று மனைவி சொல்லுவாள்.

மனைவி தையல்காரி. இரண்டு அறை வீட்டில் முன்னறை ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. பள்ளிக்கூடச் சீருடைகளை மொத்தமாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் தைத்துக் கொடுப்பாள். ஒரே மாதிரி நீலப் பாவாடை, ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. மகள் அந்த மெஷின் சத்தத்தில்தான் படித்தாள். சத்தம் நின்றுவிட்டால் அவளுக்குப் படிப்பு ஓடாது. நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வுக்குத் தனி வகுப்பு, தனிக் கட்டணம். தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

ஒரு நாள் அந்தக் கட்டணத்தை மொத்தமாகக் கொண்டுவந்து மகள் கையில் வைத்தார்.

“ஏதுங்க இவ்வளவு?” என்று கேட்டாள் மனைவி.

“கடன் இல்ல. விடு.”

உண்மையில் அவர் பல மாதங்களாக விடியற்காலையிலேயே துறைக்குப் போய்க் காய்கறி மண்டிக்காரருக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். முதல் படகு கிளம்புவதற்குள் முடித்து, குழாயடியில் முகம் கழுவி, காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கம்பெனி உடுப்புப் போடுகிறவன் முதுகில் மூட்டை சுமக்கிறான் என்பது வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தார். அது ஒரு வறட்டுக் கௌரவம்தான். ஆனால் அவரிடம் அதைத் தவிர வேறு கௌரவம் எதுவும் இருக்கவில்லை.

மாலையில் கடைசிப் படகு வந்ததும் பெட்டியை மாடியில் இருக்கும் ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பெல்லாம் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து எண்ணுவார்கள். பிறகு தராசு வந்தது. மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சிய ஒருவர் காசாளர். காசை மூட்டையாகத் தராசில் கொட்டினால் போதும். ஒரு காசின் எடை அதற்குத் தெரியும். மொத்த எடையை வைத்து எத்தனை காசு என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிடும். கதவின் எண்ணும் அந்தச் சிவப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் இருந்தால் காசாளர் கண்டுகொள்ள மாட்டார். தேய்ந்த காசு, செல்லாக் காசு எல்லாம் உலகத்தில் இருக்கத்தானே செய்கிறது.

ஒரு மாலை கொஞ்சம் அதிகமாகவே குறைந்தது. காசாளர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, “குழந்தை குட்டியைச் சும்மா விட்டீங்களா?” என்று கேட்டார்.

“கட்டையை மிதிச்சா காசு வாங்காம மிதிக்க மாட்டேன் சார்.”

“சரி, பார்த்துக்கங்க.”

அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. அதற்கடுத்த வாரம் அதைவிட. ஒரேயடியாகக் குறைந்திருந்தால் தராசில் கோளாறு என்று யாருக்காவது தோன்றியிருக்கும். இது சிறிது சிறிதாகத்தான் கூடிக்கொண்டே போனது. பழகப் பழகத் துணிச்சல் வருகிற கை மாதிரி. வாரத்தில் ஒரு நாள் படகு ஓடாது. ஓடுகிற நாளெல்லாம் அந்த நாற்காலியில் அவரைத் தவிர வேறு யாரும் உட்காருவதில்லை. ஆகவே சந்தேகப்பட வேறு ஆளும் இருக்கவில்லை.

பெட்டியை ஆட்டிப் பார்த்தார். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தகரத்தை விரலால் தடவிப் பார்த்தார். காசு விழும்போது குனிந்து பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் போடுகிறார்கள், ஒவ்வொன்றும் விழுகிறது, சத்தமும் கேட்கிறது. ஆனால் மாடிக்குப் போனால் குறைகிறது. கண்ணெதிரே தண்ணீர் நிரப்பிய குடம் வீட்டுக்கு வருவதற்குள் வற்றிப்போவது போல இருந்தது அவருக்கு.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

“எவ்வளவு நாளா நடக்குது இது?”

“எனக்கு ஒண்ணும் புரியல சார். வாங்கின காசு அத்தனையும் பெட்டியிலதான் இருக்கு. தயவு பண்ணி ஒரு தடவை கையால எண்ணிப் பாருங்க.”

“தராசு எதுக்கு வாங்கி வச்சிருக்கு? அதுக்கும் உனக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா, வேணும்னு குறைச்சுக் காட்ட?”

பின்னால் நின்ற காசாளர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. இதுவரை குறைந்தது அத்தனையையும் இந்த வாரக் கடைசிக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றார். அவர் சொன்ன தொகை, அரை வருஷம் உட்கார்ந்து மிதித்தாலும் அவருக்குக் கிடைக்காத சம்பளம்.

அன்று மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், பாதிச் சாப்பாட்டில், “ஆபீஸ்ல காசு குறையுதாம்” என்றார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “குறையுதுன்னா?”

“நான் எடுத்தேங்கறாங்க.”

அவளுக்கு வகுப்புக் கட்டணம் ஞாபகத்துக்கு வந்தது. ‘கடன் இல்ல, விடு’ என்று அவர் சொன்ன விதம் ஞாபகத்துக்கு வந்தது. விடியற்காலையில் இருட்டோடு எழுந்து எங்கோ போவது ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருஷம் தவறாத மனுஷன், மகளுக்காக ஒருமுறை தவறியிருந்தால் அதை எப்படித் தவறு என்று சொல்வது என்றுகூட அவள் மனம் அவருக்காக வாதாடியது. குற்றம் சுமத்த வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. பங்கு போட்டுக்கொள்ளத்தான் கேட்டாள். ஆனால் கேட்டது இப்படித்தான்:

“எடுத்தீங்களா?”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை மூடிவிட்டு வாசலைப் பார்த்தாள். அப்பா தெருக்கோடியில் திரும்பிப் போவது தெரிந்தது.

பதில் சொல்லாமல் போனதையே பதிலாக எடுத்துக்கொண்டாள் மனைவி.

மறுநாள் வேலை முடிந்ததும் அவர் மாடிக்கு ஏறி, மேனேஜர் அறை வாசலில் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஆபீஸ் பூட்டுகிற நேரம் வரைக்கும் நின்றார். அதற்கு மறுநாளும் போய் நின்றார். அவரைத் தாண்டித்தான் மேனேஜர் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றாவது முறை பார்த்தபோது மேனேஜருக்கே என்னவோ போலாகிவிட்டது.

“என்னதான்யா வேணும் உனக்கு?”

“ஒரே ஒரு நாள் காசைக் கையால எண்ணுங்க சார். குறைஞ்சா நானே போலீசுக்கு நடந்து போயிடறேன்.”

மேனேஜர் காசாளரைப் பார்த்தார். காசாளர் தோளைக் குலுக்கினார். படகு ஓடாத நாளில் எண்ணிவிடலாம், அன்றைக்கு எல்லோரும் சும்மாதான் இருப்பார்கள் என்று முடிவாயிற்று. இடையில் இன்னும் இரண்டு நாள்தான்.

அவருக்குப் படி இறங்கும்போது கால் லேசாக இருந்தது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? எண்ணட்டும். எண்ணி முடித்ததும் வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் சொல்லக் கூடாது. அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை அவரால் மறக்க முடியவில்லை. காசு எண்ணி வரட்டும், அவளே வெட்கப்படட்டும் என்று நினைத்தார். இரண்டு நாளும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்த இரண்டு நாளில்தான் மனைவியின் அண்ணன் வந்தார். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவர். அவருக்குப் பாதிச் சட்டம் தெரியும். அது எந்தப் பாதி என்பதுதான் அவருக்கே தெரியாது. ஆனால் தங்கை மேல் பிரியம் உள்ளவர். மேனேஜர் கேட்ட தொகையும் கெடுவும் துறையில் பேச்சாகிக் காதில் விழுந்ததும் மத்தியானமே, மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஓடி வந்தார்.

“விஷயம் போலீசுக்குப் போகப் போகுதும்மா. போயிட்டா அப்புறம் நம்ம கையில இல்ல. பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு. நாளைக்கு அவ நர்ஸ் படிக்கப் போனா, அப்பன் என்ன பண்றார்னு கேட்க மாட்டாங்களா?”

“அவர் எடுக்கலைன்னு சொல்லவே மாட்டேங்கறாருண்ணே. எடுத்தேன்னும் சொல்ல மாட்டேங்கறாரு.”

“மாப்பிள்ளை வாயைத் திறக்கிற ஆளா? நெருப்பில்லாம புகையுமா? சரி, எடுத்தாரோ இல்லையோ, அது இப்ப பேச்சில்ல. பணத்தைக் கட்டிட்டா கேஸ் இல்ல. கேஸ் இல்லைன்னா வேலை நிக்கும். அவ்வளவுதான் சட்டம்.”

அவர் தன் பங்குக்குக் கொஞ்சம் கொண்டு வந்திருந்தார். மகளின் படிப்புக்கென்று மனைவி தைத்துத் தைத்துச் சேர்த்தது கொஞ்சம் இருந்தது. போதவில்லை. பழைய சாமான் கடைக்காரன் வந்து தையல் மெஷினைப் பார்த்தான். பெல்ட்டை இழுத்துப் பார்த்தான், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், ஒரு விலை சொன்னான். அவள் பேரம் பேசவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆபீசுக்குத் தெருப் பக்கமாகவும் ஒரு வாசல் உண்டு. அண்ணனும் தங்கையும் அந்த வழியாகப் போனார்கள். கீழே ஆற்றுப் பக்கம் கதவு சுற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவர் அங்கேதான் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லை. காசாளர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தை மட்டும் கையால் எண்ணினார்கள். குறைந்த தொகை முழுவதையும் குடும்பத்தார் கட்டிவிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அண்ணன் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு, போடும்மா” என்றார்.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே முன்னறையைப் பார்த்தார். ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது. மெஷினின் நாலு கால்கள் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. நீலத் துணித் துண்டுகள் மூலையில் கிடந்தன.

“மெஷின் எங்க?”

மனைவி அவருக்கு எதிரே வந்து நின்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. “வித்துட்டேன். பணம் முழுக்கக் கட்டியாச்சுங்க. அண்ணன்தான் கூட வந்தாரு. இனிமே யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. எனக்கு ஒண்ணுமே சொல்ல வேண்டாம். எதுக்காகச் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். நடந்தது நடந்து போச்சு, விடுங்க.”

அவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

“யார் கட்டச் சொன்னது?”

“என்னங்க?”

“நாளைக்கு எண்ணறதா இருந்தாங்களே. மூணு நாள் நின்னு கெஞ்சி ஒத்துக்க வச்சேன். நாளைக்குக் காலையில எண்ணறதா இருந்தாங்களே.”

மகள் அறை வாசலில் வந்து நின்றாள். அம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“நீங்க சொல்லவே இல்லையே.”

“அப்பா,” என்றாள் மகள், “என் வகுப்புக்குக் கட்டின பணம்?”

“மூட்டை தூக்கினேன்மா” என்றார் அவர். அவ்வளவு எளிதாக வந்துவிட்டது அந்த இரண்டு வார்த்தை. இத்தனை மாதம் வாய்க்குள் அடைத்து வைத்திருந்தது.

மறுநாள் காலையில் ஆபீசுக்கு ஓடினார். எண்ணுவதற்கு யாரும் வந்திருக்கவில்லை. காசாளர் மட்டும் மேஜையில் இருந்தார். தன் அறையிலிருந்து வெளியே வந்த மேனேஜர் அவரைப் பார்த்ததும் கையெழுத்திட்ட அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்.

“இன்னும் என்னய்யா எண்ணணும்? திருடாதவன் வீட்டுல எதுக்குப் பணம் கட்டுவாங்க?”

“அவளுக்குத் தெரியாது சார்…”

“கட்டின பெண்டாட்டிக்கே நீ எடுக்கலைன்னு தெரியலை. எனக்கு எப்படிய்யா தெரியும்?”

அந்தக் கேள்வியை அவரும் இரவு விடிய விடியத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிசு, உடுப்பைக் கொடுத்துவிட்டுப் போ என்றார் மேனேஜர். மாற்றுச் சட்டை கொண்டு வரவில்லை. பனியனோடு துறை வழியாக வீட்டுக்கு நடந்தார். படகு ஓடாத நாள் என்பதால் நல்லவேளையாக அங்கே அதிகம் பேர் இல்லை.

அதற்கப்புறம் அவருடைய வேலை நாள் முழுக்க மூட்டை தூக்குவதாயிற்று. சிமெண்டுக் கிடங்கில் சேர்ந்தார். அவர் பணப்பையைத் திருப்பிக் கொடுத்த அதே கடைக்காரருடைய கிடங்குதான். கடைக்காரர் வேலை கொடுத்தார். ஆனால் கல்லாப் பக்கம் போகும்போது மேஜை டிராயரைச் சாத்திக்கொண்டார். வேண்டுமென்று செய்ததில்லை, கை தானாகச் செய்தது. துறையில் ‘நாணயம்’ என்ற பெயரை இப்போதும் சொன்னார்கள், சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சட்டைக் கம்பெனியில் காஜா அடிக்கப் போனாள். தினமும் காலையில் அந்தச் சுழல்கதவில் அவளும் ஒரு காசு போட வேண்டியிருந்தது. நாற்காலியில் இப்போது மேனேஜரின் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். மகள் தேர்வில் தேறினாள். சேருவதற்குப் பணம் இல்லை. மருந்துக் கடையில் வேலைக்குப் போனாள். “அங்கயும் மருந்து, இங்கயும் மருந்து” என்று அவளே ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அண்ணன் கொஞ்ச நாள் வரவே இல்லை. பிறகு ஒருநாள் வந்து, வாசலிலேயே நின்று, “மாப்பிள்ளை, நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்…” என்று ஆரம்பித்தார். “தெரியும் மச்சான்” என்றார் அவர். “உட்காருங்க” என்று மட்டும் சொல்லவில்லை.

மேனேஜரின் அக்கா மகன் வேலைக்கு வந்த முதல் வாரமே காசு குறைந்தது. அதுவும் முன்னைவிட அதிகமாக. காசாளர் பயந்து சில மாதம் மேலே சொல்லாமல் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் சொன்னார். மேனேஜர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“அவன் எடுக்க மாட்டான். நான் தூக்கி வளர்த்த பையன். கொட்டி எண்ணுங்கய்யா.”

கொட்டி எண்ணினார்கள். கதவில் என்ன எண் இருந்ததோ அதே எண் வந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தராசில் போட்டால் குறைந்தது, கையால் எண்ணினால் சரியாக இருந்தது. பழைய காசு ஒன்றையும் புதுக் காசு ஒன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போன வருஷத்திலிருந்து அரசாங்கம் அந்த நாணயத்தை மலிவான உலோகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதே அளவு, அதே முகம், அதே மதிப்பு. எடை மட்டும் கொஞ்சம் குறைவு. கையில் வைத்தால் தெரியாது. ஒரு பெட்டி நிறைய சேர்ந்தால்தான் தெரியும். புதுக் காசு ஊரில் பரவப் பரவத் தராசில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. தராசைக் கட்டிவைத்துவிட்டு, எண்ணுவதற்கு மறுபடியும் ஆள் போட்டார்கள்.

இதை அவருக்குச் சொன்னவர் காசாளர்தான். கிடங்கு வாசலில் வந்து நின்று, சிமெண்டுத் தூசியில் இமை வெளுத்து வெளியே வந்த மனுஷனைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது” என்றார்.

அவர் முழுவதையும் கேட்டார். “அப்ப எண்ணினா சரியா இருந்திருக்கும்” என்றார். அது கேள்வி இல்லை. காசாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

குடும்பத்தார் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதாக மேனேஜர் சொல்லி அனுப்பினார். கம்பெனி மேல் எந்தப் புகாரும் இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவர் மறுபடி மாடி ஏறினார்.

“வேலை சார்?”

“வேலைக்கு ஆள் போட்டாச்சே. தெரியாத மாதிரி கேட்கறீங்க.” இந்த முறை ‘நீங்க’ வந்தது.

“சரி. நான் எடுக்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. துறையில ஒட்டுங்க.”

மேனேஜர் உண்மையாகவே திகைத்தார். “எடுத்தீங்கன்னு நாங்க எங்கயுமே எழுதலையே! பணம் கட்டினாங்கன்னுதான் எழுதியிருக்கு. இல்லாத ஒண்ணை எப்படி இல்லைன்னு எழுதறது?”

அவர் தாளை வாங்கிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் சண்டைக்கும் ஒரு நம்பிக்கை வேண்டும். வீட்டில் ஒருவராவது ‘நீ ஜெயிப்பே’ என்று முன்னாலேயே நம்பியிருக்க வேண்டும்.

பணத்தைக் கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தார். நடந்ததைச் சொன்னார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவள் கேட்டதே இல்லை. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனைவி அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றாள் கடைசியில்.

“நீ அந்த ஒரு வார்த்தையைக் கேட்காம இருந்திருக்கலாம்.”

“நான் உங்களைத் திருடன்னு நினைக்கலைங்க. பிள்ளைக்காகச் செஞ்சிருப்பீங்கன்னு…”

“செஞ்சிருப்பேன்னு நினைச்சே இல்ல? அதான்.” அவர் குரலை உயர்த்தவில்லை. “அவங்க நினைச்சது எனக்கு ஒண்ணும் பெரிசா தெரியல. அவங்க தராசைப் பார்த்தாங்க. நீ என்னைப் பார்த்தே.”

அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. நானும் பயந்தேன், எனக்கும் யார் இருந்தார்கள், நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் நான் யாரைக் கேட்பது. எல்லாம் நியாயம்தான். ஆனால் அவர் முதுகு எலும்பு தெரியக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதும் நியாயமாக இருந்தது. இரண்டு நியாயத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் இருவருக்குமே தெரியவில்லை.

இன்னொரு மெஷின் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கவில்லை. மகளை அடுத்த வருஷம் சேர்க்கலாம் என்று அந்தப் பணத்தை அப்படியே வைத்தாள். அடுத்த வருஷம் வந்தபோது, பள்ளி முடித்த வருஷமே சேர வேண்டும், இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார். தொலைவில் ஒரு துறைமுகத்தில் கப்பலுக்குச் சுமை ஏற்ற ஆள் எடுக்கிறார்கள், கிடங்கைவிடக் கூலி அதிகம் என்று சொன்னார். சண்டை இல்லை, கோபித்துக்கொண்டு போனார் என்று யாரும் சொல்ல முடியாது. மனைவிதான் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். தெருமுனை வரைக்கும் கூடப் போனாள். “உடம்பைப் பார்த்துக்கங்க” என்றாள். “ம்” என்றார். பஸ் ஏறியதும் மகளுக்குக் கை காட்டினார். அவளையும் பார்த்தார், ஆனால் கை அதற்குள் கீழே இறங்கியிருந்தது.

மாதா மாதம் பணம் வந்துவிடும். ஒரு மாதம் தவறியதில்லை. விடுமுறைக்கு வருவதாகச் சொல்லுவார்; கடைசியில் கப்பல் வந்துவிடும். வாரத்தில் ஒருமுறை மகளின் போனுக்குப் பேசுவார். முதலில் கடையைப் பற்றிக் கேட்பார், பிறகு அவளுடைய தலைவலி, வீட்டு வாடகை, மழை. பேச்சு முடிகிற இடத்தில் மகள் எப்போதும் கேட்பாள்.

“அம்மாகிட்ட குடுக்கட்டுமாப்பா?”



“வேண்டாம்மா. சாப்பிட்டாளான்னு கேளு.”

மகள் போனை வாயிலிருந்து நகர்த்தி, “அம்மா, சாப்பிட்டியான்னு கேட்கறாரு” என்பாள். கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மனைவி தலையை ஆட்டுவாள்.

“சாப்பிட்டேன்னு சொல்லு.”

“சாப்பிட்டாங்களாம்பா.”

“சரி” என்பார். போனை வைத்துவிடுவார்.